மேற்பரப்பின் சாட்சியம்

நிறமாலையில் சில தனிமங்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்தோ குறைந்தோ தெரியும் வேதிவிசித்திர விண்மீன்களைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நாற்கரத்தை ஒட்டி நிற்கும் முதல் விண்மீனே அவற்றில் காந்தமுள்ள வகையின் மிகப் பிரகாசமான உறுப்பு. மரபு அதை அங்கிரஸ் என்கிறது. வானியல் அட்டவணைகளில் அது அலியோத். சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் திருநெல்வேலியில் வடக்கு நோக்கி நின்றால், அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், நாற்பத்து மூன்று பாகை உயரத்தில் அது தென்படும். அதற்கு அடுத்தது வசிட்டர். வசிட்டரை ஒட்டி, கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குக் காட்டும் அருந்ததி. வசிட்டர் வெறும் கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கிக்கு இரண்டு; அந்த இரண்டில் மங்கலானது உலோகக் கோடுகள் மிகுந்த ‘ஏஎம்’ வகையைச் சேர்ந்தது. வாலுக்குத் தெற்கே தனித்து மின்னும் கோர் கரோலியில் அருமண் தனிமங்களின் கோடுகள் பெருகிக் கிடக்கின்றன. பெகாசஸ் சதுரத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஆல்ஃபெராட்ஸ் பாதரசமும் மாங்கனீசும் மிகுந்தது. இரவு வானின் விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ்கூட இலேசாக இந்த இயல்பு கொண்டதுதான். இத்தனை காலம் பெயர் சொல்லி அழைத்துவந்த விண்மீன்கள் இவை. ஆனாலும் அவற்றின் வெப்பம் எவ்வளவு, பருமன் எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேட்டால் வானியல் இன்றும் தயங்கித்தான் பதில் சொல்கிறது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எளிதில் விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல.

விண்மீனின் ஒளியைப் பிரித்து விரித்தால் வண்ணப் பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் விழும். ஒவ்வொரு கோடும் விண்மீனின் வளிமண்டலத்தில் உள்ள ஏதோ ஓர் அணு தன் பங்கை எடுத்துக்கொண்ட தடம். பத்தாயிரம் கெல்வினை ஒட்டிய வெப்பமுள்ள வெண்ணிற விண்மீனில் ஹைட்ரஜன் கோடுகள் அகன்று தடித்திருக்க வேண்டும். உலோகக் கோடுகள் மெல்லிய நூலிழைகளாக ஓடவேண்டும். 1897-இல் ஹார்வர்டு ஆய்வகத்தின் அன்டோனியா மோரி, கோர் கரோலியின் நிறமாலைத் தட்டில் இந்த ஒழுங்கு குலைந்திருப்பதைக் குறித்தார். கால்சியத்தின் ‘கே’ கோடு மெலிந்திருந்தது, சிலிக்கன் கோடுகள் தடித்திருந்தன. ருஷ்யாவின் புல்கோவோவில் பெலோபோல்ஸ்கி அதே விண்மீனை 1913-இல் தொடர்ந்து ஆராய்ந்தார். 4129 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஒரு கோட்டில் அவர் கண் நிலைத்தது. இரண்டு நாள் அது கறுத்து நிற்கும், பிறகு வெளிறும், ஐந்தரை நாளில் பழைய கருமைக்குத் திரும்பும். அது மட்டுமல்ல, வலுக்கும்போதும் மெலியும்போதும் இருந்த இடத்திலிருந்து நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் சற்றே நகர்ந்தது. யூரோப்பியத்தின் கோடு அது. விண்மீனின் மேற்பரப்பில் யூரோப்பியம் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது, விண்மீன் சுழலும்போது திட்டு ஒரு விளிம்பில் உதித்து நம் பக்கம் வந்து மறு விளிம்பில் மறைகிறது என்ற விளக்கம் நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. 1974-இல் ஜார்ஜ் பிரஸ்டன் இவ்விண்மீன்களை நான்கு வகையாகப் பிரித்தார்: உலோகக் கோடுகள் மிகுந்தவை, காந்தமுள்ளவை, பாதரச-மாங்கனீசு வகை, ஹீலியம் குறைந்தவை. பெயரிடவும் அடுக்கவும் இந்தப் பிரிப்பு உதவியது. உறுத்தல் இருப்பது அதற்கு அப்பால்.

நிறமாலையில் யூரோப்பியம் சூரியனில் உள்ளதைவிட ஆயிரம் மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல் என்று தெரிகிறது. உடனே எழும் கேள்வி, அந்த விண்மீன் யூரோப்பியத்தால் ஆனதா என்பது. இல்லை என்பதற்கான வலுவான காரணத்தை 1970-இல் ஜார்ஜ் மிஷோ எடுத்துரைத்தார். கோடுகள் உருவாகும் வளிமண்டலம் மிக மெல்லிய தோல். விண்மீனின் மொத்த நிறையில் நூறு கோடியில் ஒரு பங்குகூட அதில் இராது. அந்தத் தோல் கொந்தளிப்பில்லாமல் அமைதியாக இருந்தால், உள்ளிருந்து வரும் ஒளி சில அணுக்களை மேலே தள்ளும், ஈர்ப்பு மற்றவற்றைக் கீழே இழுக்கும். தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை அதிகம் விழுங்கும் அருமண் அணுக்கள் மேலேறித் தங்கும்; ஒளி பிடிகொடுக்காத ஹீலியம் கீழே அமிழும். தமிழகத்தின் தென்கரையில் வாழ்பவர்களுக்கு இது புரியாத காரியம் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை தேய்ந்து ஆறுகள் வழியே கடலுக்குப் போகிறது. அலை அதைப் புரட்டிப் புரட்டி, இலேசானதை இழுத்துச் சென்று, கனமான கார்னெட்டையும் இல்மனைட்டையும் மோனசைட்டையும் கரையில் வரிவரியாக ஒதுக்குகிறது. தேரிக்கு அப்பால் கடற்கரையில் ஒரு பிடி கருமணலை அள்ளியவர், பொதிகை மலையே கருமணலால் ஆனது என்று முடிவுகட்டினால் எப்படி இருக்கும்? மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். அதிலுள்ள சீரியமும் நியோடிமியமும் சமாரியமும் மலை முழுவதும் துளித்துளியாகப் பரவிக் கிடந்தவை. அலை சேர்த்துவைத்ததால்தான் அவை கண்ணில் பட்டன. விண்மீனில் சேர்ப்பது நீரல்ல, ஒளி. சேருமிடம் அடியல்ல, மேற்புறம். ஆகவே வேதிவிசித்திர விண்மீனின் தனிமப் பட்டியல் அதன் உள்ளடக்கத்தைச் சொல்லவில்லை. அந்தத் தோல் எவ்வளவு காலம் கலங்காமல் கிடந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், விண்மீனின் வெப்பம், ஈர்ப்பு, ஆரம் எல்லாவற்றுக்கும் சாட்சி அதே தோல்தான்.

முதலில் வெப்பநிலை. விண்மீனின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் வெளிப்படும் மொத்த ஆற்றலைக் கொண்டு வரையறுக்கப்படுவது அது. ஆனால் எல்லா அலைநீளங்களையும் கூட்டிப் பார்க்கும் வசதி சில விண்மீன்களுக்குத்தான் கிடைக்கிறது. மற்றவற்றுக்கு நிறத்தைப் பார்க்கிறார்கள்: நீல வடிகட்டியில் எவ்வளவு, மஞ்சள் வடிகட்டியில் எவ்வளவு, இரண்டுக்கும் வேறுபாடு என்ன. அந்த வேறுபாட்டை வெப்பமாக மாற்றும் அட்டவணை, சாதாரண விண்மீன்களைக் கொண்டு தயாரானது. வேதிவிசித்திர விண்மீனில் இரும்பு, குரோமியம், அருமண் தனிமங்களின் ஆயிரக்கணக்கான கோடுகள் புறஊதாப் பகுதியில் வேலி போட்டதுபோல் நெருங்கி நிற்கின்றன. அங்கே தடைபட்ட ஆற்றல் அழிந்துபோவதில்லை. வளிமண்டலத்தைச் சற்றே சூடாக்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வேறு வழியில் வெளியேறுகிறது. 1978-இல் ஏவப்பட்ட ஐயூஇ போன்ற செயற்கைக்கோள்கள் புறஊதாவில் இந்தக் குறைவை நேரடியாகக் காட்டின. 5200 ஆங்ஸ்ட்ராம் அருகே விழும் அகன்ற பள்ளம் இன்னொரு அடையாளம். அதை மட்டும் அளந்தே இவ்வகை விண்மீனைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் முறையை 1976-இல் மைட்சன் வகுத்தார். ஆனால் கண்டுபிடிக்க உதவும் அதே பள்ளம் வெப்பத்தைக் கணிப்பதைக் கெடுக்கிறது. நிறத்தை நம்பினால் விண்மீன் உண்மையில் இருப்பதைவிடச் சூடாகத் தோன்றும். ஹைட்ரஜன் கோட்டின் அகலத்தை நம்பலாமே என்றால், குளிர்ந்த காந்த விண்மீன்களில் அந்தக் கோட்டின் நடுப்பகுதி ஒரு வெப்பத்தையும் ஓரங்கள் வேறு வெப்பத்தையும் சொல்கின்றன. ஒரே வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அந்த நிலையில், எது விண்மீனின் வெப்பம் என்று சொல்வது? இரண்டு முறைகளுக்கு இடையே சில நூறு கெல்வின் வேறுபாடு வருவது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. வெப்பத்தில் ஐந்து விழுக்காடு பிழை, வெளிவரும் ஆற்றலில் இருபது விழுக்காட்டுக்கு மேல் பிழையாகப் பெருகும் என்பதை நினைத்தால் இந்த வழக்கம் இலேசானதாகப் படாது.

இந்தச் சங்கடம் முழு வடிவில் நிற்கும் இடம் எச்.டி. 101065. ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோம்லோ மலையில் பணியாற்றிய அன்டோனி பிரிபில்ஸ்கி 1961-இல் இதை உலகறியச் செய்தார். சென்டாரஸ் மண்டலத்தில், திருநெல்வேலியின் தென்வானில் முப்பத்தைந்து பாகை உயரம் வரை ஏறும். எட்டாம் பொலிவெண் என்பதால் சிறு தொலைநோக்கி வேண்டும். இதன் நிறமாலையில் இரும்பைத் தேடவேண்டியிருந்தது. அருமண் தனிமங்கள் எங்கும் நிறைந்து கிடந்தன. ஹோல்மியம் என்ற தனிமத்தை விண்மீனில் பார்ப்பது அன்று புதிது. கோடுகள் இவ்வளவு நெருங்கியிருப்பதால் இரண்டு கோடுகளுக்கு நடுவே தெளிந்த வெளிச்சமே இல்லை. எந்த அளவிலிருந்து கோட்டின் ஆழத்தைக் கணிப்பது என்பதே கேள்வியாகிறது. இதன் வெப்பத்தை ஆறாயிரம் கெல்வினுக்குச் சற்று மேல் என்று சொன்னவர்களும் உண்டு, 6600 என்று சொன்னவர்களும் உண்டு. 2004-இல் சார்லஸ் கௌலியும் உடன் பணியாற்றியவர்களும் இதில் புரோமித்தியத்தின் கோடுகள் இருக்கலாம் என்றார்கள். நிலையான வடிவமே இல்லாத தனிமம் அது. மிக நீண்ட ஆயுள் கொண்ட அதன் ஐசோடோப்பின் அரைவாழ்வு 17.7 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு வயதுள்ள விண்மீனில் அது இருக்கிறதென்றால், அங்கே இப்போதும் ஏதோ அதை உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது, இன்னும் ஆய்வகத்தில் சரியாக அளக்கப்படாத வேறொரு அருமண் அணுவின் கோடுகள் தற்செயலாக அதே இடங்களில் விழுந்திருக்க வேண்டும். இரண்டாவது சாத்தியத்தைத் தள்ளிவிட முடியவில்லை. அருமண் அணுக்களின் கோடுகளுக்கான ஆய்வக அட்டவணைகள் இன்றும் முழுமையடையவில்லை. விண்மீனை அளப்பதற்கு முன் அணுவை அளக்க வேண்டும். அந்த வேலைக்குக் கவர்ச்சியும் இல்லை, நிதியும் குறைவு.

தோலின் சாட்சியத்தைச் சுற்றிவளைத்துப் போக உள்ள நேரான வழி, விண்மீனின் வட்டத்தையே அளந்துவிடுவது. தொலைவு தெரிந்து, வானில் அது எடுத்துக்கொள்ளும் கோணமும் தெரிந்தால் ஆரம் கிடைத்துவிடும். ஆரமும் மொத்த ஆற்றலும் தெரிந்தால் வெப்பநிலை அட்டவணை இல்லாமலே கிடைக்கும். தொலைவை ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 1997-இல் தந்தது, பிறகு கையா கூர்மைப்படுத்தியது. கோணம்தான் கடினம். தெற்கே சிர்சினஸ் மண்டலத்தின் ஆல்ஃபா விண்மீன் அளக்கப்பட்டபோது கிடைத்தது 1.1 மில்லிவில்நொடி, ஒரு பாகையை முப்பத்தாறு லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஒரு கண்ணாடியால் இது ஆகாது. தள்ளித்தள்ளி வைத்த இரண்டு கண்ணாடிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, அலைகள் குறுக்கிட்டு உண்டாகும் வரிகள் எப்போது மங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நராப்ரைக்கு அருகே சிட்னி பல்கலைக்கழகத்தின் குறுக்கீட்டுமானியில் ஹான்ஸ் புருண்ட்டின் குழு இதைச் செய்து 2008-இல் வெளியிட்டது. ஆரம் சூரியனைப்போல் 1.97 மடங்கு, வெப்பநிலை 7420 கெல்வின், கூட்டியோ குறைத்தோ 170. முந்தைய ஆய்வுகள் பலவும் சொன்னதைவிட இது குறைவு. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு கலிபோர்னியாவின் வில்சன் மலையிலுள்ள சாரா அமைப்பில் பீட்டா கரோனா பொரியாலிசை அளந்தது: 2.63 சூரிய ஆரம், 7980 கெல்வின், பிழை 180. இந்த எண்களும் மாசற்றவை அல்ல. விண்மீன் வட்டத்தின் ஓரம் நடுவைவிட மங்கலாக இருக்கும். எவ்வளவு மங்கல் என்பதைக் கணிக்க மறுபடியும் வளிமண்டல மாதிரிதான் துணை. ஆனால் அந்தச் சார்பு மிகச் சிறியது. விசித்திர வேதியியல் ஆரத்தில் நுழையும் வாசல் ஏறக்குறைய அடைக்கப்பட்டுவிட்டது. இத்துறையின் அளவீடுகளில் மனம் ஓரளவு சாய்ந்து நிற்கக்கூடியவை இவைதான். ஆல்ஃபா சிர்சினி திருநெல்வேலியின் தென்னடிவானத்துக்கு மேல் பதினாறு பாகை வரை ஏறும், ஆல்ஃபா சென்டாரிக்குக் கீழே நான்கு பாகையில் மூன்றாம் பொலிவெண்ணில் நிற்கும் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். வட இந்தியாவின் நைனிடாலில் அது உதிப்பதே இல்லை. வடக்கே அங்கிரசையும் தெற்கே இதையும் ஒரே வைகாசி இரவில் பார்க்கும் வாய்ப்பு இந்தக் குறைந்த அட்சரேகை கொடுத்தது. மேற்கிலிருந்து சாரல் மேகம் ஏறிவருவதற்கு முன்பு பார்த்துவிட வேண்டும்.

காந்தப்புலத்தை அளப்பதில் வேறு வகையான ஐயம் காத்திருக்கிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் பூமியின் புலத்தை இடைவிடாமல் பதிவு செய்கிறது. காந்த நடுக்கோடு இந்தப் பகுதியை ஒட்டிப் போவதால், மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல்தோறும் ஓடும் மின்னோட்டம் நண்பகலில் புலத்தைக் கூட்டி மாலையில் தணிக்கிறது. அதைப் பின்தொடரவே ஆய்வுக்கூடம் இங்கே அமைந்தது. இங்கே புலத்தின் அளவு சுமார் 0.4 காஸ், அதன் திசை ஏறத்தாழ முழுவதும் கிடைமட்டம். காந்த ஊசியைத் தொங்கவிட்டால் அது தரைக்கு இணையாகப் படுத்துவிடும். வேதிவிசித்திர விண்மீன்களில் புலம் சில நூறு காசிலிருந்து பல்லாயிரம் காஸ் வரை. 78 வர்ஜினிஸ் என்ற விண்மீனில் 1947-இல் முதன்முதலாக அதைக் கண்டவர் ஹொரேஸ் பாப்காக், 1960-இல் எச்.டி. 215441 என்ற விண்மீனில் அவர் கண்டது 34000 காஸ். அங்கிரசின் புலமோ பூமியினதைப்போல் நூறு மடங்கு அளவே. இந்த இனத்துக்கு அது மிகக் குறைவு. இவற்றை அளப்பது பெரும்பாலும் ஒளியின் வட்ட முனைவாக்கத்தைக் கொண்டு. அந்த முறைக்கு, பார்வைத் திசையில் உள்ள புலக்கூறு மட்டுமே தெரியும். கிருஷ்ணாபுரத்தின் தலையுச்சிக்கு நேர்மேலே வெகுதொலைவில் ஒரு வானியலாளர் இருந்து, அந்த ஊரின் புலத்தை இப்படி அளந்தால் அவருக்குக் கிடைக்கும் விடை ஏறத்தாழப் பூச்சியம். ஊசியைப் பிடித்து நிறுத்தும் புலம் அங்கே இருக்கத்தான் இருக்கிறது. கருவி அதைப் பார்க்கும் திசையில் இல்லை. விண்மீனில் இன்னும் மோசம்: பார்க்கும் அரைக்கோளம் முழுவதன் சராசரியே கிடைப்பதால், ஓரிடத்து வடதுருவப் புலத்தை இன்னோரிடத்துத் தென்துருவப் புலம் அழித்துவிடுகிறது. சில விண்மீன்களில் மட்டும், சுழற்சி மெதுவாகவும் புலம் வலுவாகவும் இருந்தால், கோடே இரண்டாகப் பிளந்து நிற்கும்; அந்தப் பிளவைக் கொண்டு திசை பாராமல் புலத்தின் முழு அளவைச் சொல்லலாம். மற்றவற்றில் பூச்சியம் என்று வந்தால், புலம் இல்லை என்று எழுதுவதா, இந்தத் திசையில் தெரியவில்லை என்று எழுதுவதா? பழைய அட்டவணைகள் பலவற்றில் முதல் சொற்றொடர்தான் இருக்கிறது. அது அளவீட்டின் வரம்பை மீறிய கூற்று.

காந்தத்தைக் கொண்டு சுழற்சியை அறியும் யோசனைக்குத் தாமிரபரணியின் பிறப்பிடத்திலேயே ஒரு முன்கதை உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக 1852-இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் பொதிகை என்னும் அகத்தியர் மலையின் உச்சியில் ஒரு காந்த ஆய்வகத்தை நிறுவினார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரம் அது. மழையும் மூடுபனியும் அட்டையும் நிறைந்த காட்டைக் கடந்துதான் கருவிகள் மேலேறின. கடல் மட்டத்துக்கு அருகே திருவனந்தபுரத்திலும் அவ்வளவு உயரத்தில் பொதிகையிலும் ஊசியின் விலக்கம் ஒரே வேளையில் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுவதே நோக்கம். அந்தப் பதிவுகள் 1874-இல் நூலாக வந்தன. அவருடைய நெடுநாள் ஆராய்ச்சியில் வெளிப்பட்ட இன்னொன்று, பூமியின் காந்தவிசை சுமார் 26 நாட்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பது. அதைச் சூரியனின் சுழற்சியோடு அவர் தொடர்புபடுத்தினார். சூரியனைப் பார்க்காமலே, ஓர் ஊசியின் அசைவைக் கொண்டு சூரியன் சுழலும் கதியைச் சொன்ன காரியம் அது. பொதிகையின் பெயரோடு எத்தனையோ கதைகள் ஒட்டியிருக்க, இந்த வரலாறு மட்டும் நெல்லைச் சீமையில் பேச்சில்லாமல் போனது வருத்தத்துக்குரியது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1950-இல் டக்ளஸ் ஸ்டிப்ஸ் விண்மீன்களுக்கு இதே போன்ற தர்க்கத்தை எழுதினார். காந்த அச்சு சுழலச்சோடு சாய்ந்து நிற்கிறது. விண்மீன் சுழலச்சுழல ஒரு துருவமும் மறு துருவமும் மாறிமாறி நம்மைப் பார்க்கின்றன. புலம் கூடிக் குறைவதும் கோடுகள் தடித்து மெலிவதும் ஒரே கால அளவில் நடப்பது அதனால்தான். இந்த விளக்கம் வந்தபின் அளப்பதற்கு ஒரு நல்ல பிடி கிடைத்தது. ஆரத்தைச் சூரிய ஆரங்களில் எடுத்து, சுழற்சிக்காலத்தை நாட்களில் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து 50.6-ஆல் பெருக்கினால் நடுக்கோட்டின் வேகம் வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ஆல்ஃபா சிர்சினிக்கு 1.97-ஐ 4.48 நாளால் வகுத்துப் பெருக்கினால் 22. கோட்டின் அகலம் காட்டும் வேகமோ 13 மட்டுமே. அந்த இடைவெளிக்குக் காரணம், சுழலச்சு நம்மை நோக்கிச் சாய்ந்திருப்பது; பார்வைக் கோட்டுக்கும் அச்சுக்கும் இடையே சுமார் 36 பாகை. காலம் துல்லியமாகத் தெரியும், ஆரம் குறுக்கீட்டுமானியில் வந்தது, வேகம் கோட்டில் வந்தது. மூன்று தனித்தனிச் சாட்சிகள் ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. சாய்வு தெரிந்தால் மேற்பரப்பின் வரைபடம் தீட்டலாம். அங்கிரசில் அப்படித் தீட்டியபோது ஆக்ஸிஜன் காந்த நடுக்கோட்டில் திரண்டும் துருவங்களில் அருகியும் தெரிந்தது.

எஞ்சியிருப்பது எடையும் உள்ளமைப்பும். இரட்டை விண்மீனாக இருந்தால் ஒன்றையொன்று சுற்றும் கதியிலிருந்து எடையைக் கணக்கிடலாம். நிறமாலையால் கண்ட முதல் இரட்டையே வசிட்டர்தான். 1889-இல் பிக்கரிங் அதை அறிவித்தார். ஏஎம் விண்மீன்களுக்குத் துணை அநேகமாக எப்போதும் இருக்கிறது. வலுவான காந்தமுள்ளவற்றுக்கோ நெருங்கிய துணை அரிது, அதனால் அவற்றின் எடை பெரும்பாலும் கோட்பாட்டு வளைகோடுகளிலிருந்து வாசிக்கப்படுவதே. சாதாரண விண்மீனின் வளைகோட்டில் விசித்திர விண்மீனைப் பொருத்துவதில் உள்ள சங்கடம் மறுபடியும் தலையெடுக்கிறது. அதிலிருந்து விடுபட ஒரு வழியை 1978-இல் டொனால்டு கர்ட்ஸ் தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் கண்டார். பிரிபில்ஸ்கியின் விண்மீன் 12 நிமிடத்துக்கு ஒருமுறை மிக இலேசாகத் துடித்தது. உள்ளே ஓடும் ஒலியலையின் துடிப்பு அது. அதிர்வெண்களுக்கு இடையே உள்ள இடைவெளி விண்மீனின் சராசரி அடர்த்தியைச் சொல்லும். அடர்த்தியும் ஆரமும் சேர்ந்தால் எடை. தோலுக்கு அடியிலிருந்து வரும் முதல் நேரடிச் செய்தி இதுவே. ஆல்ஃபா சிர்சினி 6.8 நிமிடத்தில் துடிக்கிறது. அதன் எடை சூரியனைப்போல் சுமார் 1.7 மடங்கு என்று வருகிறது. வடவானில் இத்தகைய விண்மீன்களைத் தேடும் பணி 1997-இல் நைனிடாலின் மனோரா சிகரத்தில், 1.04 மீட்டர் சம்பூர்ணானந்த் தொலைநோக்கியில், தென்னாப்பிரிக்க வானாய்வகத்தின் கூட்டுறவோடு தொடங்கியது. இஸ்ரோவைச் சேர்ந்தவர்களும் அதில் பங்கேற்றனர். பத்து நொடிக்கு ஒருமுறை ஒளியை எண்ணிக்கொண்டே மணிக்கணக்கில் ஒரே விண்மீனில் நிற்க வேண்டும். தேடும் மாற்றமோ ஆயிரத்தில் சில பங்கு. ஒரு மெல்லிய மேகப்படலம் அதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டுப் போகும். அந்தத் தேடலில் எச்.டி. 12098 என்ற விண்மீன் 7.6 நிமிடத்தில் துடிப்பது தெரியவந்தது. ஏஎம் விண்மீன்கள் சிலவற்றிலும் வேறு வகைத் துடிப்புகள் கிடைத்தன. துடிப்பே காணாத விண்மீன்களின் நீண்ட பட்டியலையும் அவர்கள் வெளியிட்டார்கள். கண்டதைவிட அந்தப் பட்டியல் மதிப்பில் குறைந்ததல்ல: எந்த அளவுக்கு மேல் இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற வரம்பை ஒவ்வொரு விண்மீனுக்கும் எண்ணாக அது பதிவு செய்தது. இல்லை என்பதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. 2018-இல் ஏவப்பட்ட டெஸ் செயற்கைக்கோள் வளிமண்டலத் தொல்லையின்றி இதே வேலையைச் செய்கிறது. வேகமாகத் துடிக்கும் காந்த விண்மீன்களின் எண்ணிக்கை இன்று நூற்றை ஒட்டி வந்துவிட்டது.

செயற்கைக்கோள் சில ஆண்டுகள் பார்க்கும், பிறகு ஓய்ந்துவிடும். அந்தக் காலத்துக்குள் முழுவதும் அளந்துவிட முடியாத விண்மீன் ஒன்று திருநெல்வேலியின் தலையுச்சிக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, புரட்டாசி இரவுகளில் கடந்து போகிறது. காமா ஈக்குலி, பொலிவெண் 4.7, ஊர் வெளிச்சம் எட்டாத குளத்தங்கரையில் வெறும் கண்ணுக்கே தெரியும். 12 நிமிடத் துடிப்பு, 7400 கெல்வினை ஒட்டிய வெப்பம், 4000 காசை ஒட்டிய புலம் என எல்லாம் அளந்தாயிற்று. சுழற்சிக்காலம் மட்டும் முடியவில்லை. 1940களில் பாப்காக் அளந்தபோது அதன் புலம் நம்மை நோக்கி இருந்தது; பிறகு பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்லத் திசைமாறி, எதிர்ப்பக்கம் உச்சத்தைத் தொட்டு, இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 97 ஆண்டு ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். முழுச் சுற்றை இன்னும் ஒருவரும் பார்த்ததில்லை. அளந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், முதலில் அளந்தவர் இப்போது இல்லை. இதைத் தொடர மாபெரும் கருவி வேண்டாம். அந்தப் புலம் இரும்பின் 6149 ஆங்ஸ்ட்ராம் கோட்டை ஏறக்குறைய 0.2 ஆங்ஸ்ட்ராம் பிளக்கிறது. வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில், 1986 முதல் இயங்கும் காவலூரின் வைணு பாப்பு தொலைநோக்கியிலுள்ள எஷெல் நிறமாலைமானி அதில் பாதிக்கும் குறைந்த இடைவெளியையும் பிரித்துக் காட்டும் திறனுடையது. அந்தத் தொலைநோக்கியில் பார்வை நேரம் முன்மொழிவின் பேரில் பல்கலைக்கழகங்களுக்கும் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஓர் இரவு போதும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து இயற்பியல் மாணவர்கள் அந்த முன்மொழிவை எழுத வேண்டும். எழுதி, அளந்த எண்ணோடு எந்தக் கோட்டை, எந்த முறையில், எவ்வளவு பிழையோடு அளந்தோம் என்பதையும் அடுத்த தலைமுறைக்குக் குறித்துவைக்க வேண்டும்.